வருத்தக்காரரையும் கூட்டிக்கொண்டு பயணம் போவோம்



டிசம்பர் பௌர்ணமியோடு சிவனொளிபாதமலைப் பருவகாலம் ஆரம்பமாகி மே மாத வெசாக் பௌர்ணமி வரை நடக்கும். ஆடி மாதம் வந்தால் கதிர்காமத் திருவிழா. இடையில் பொங்கல் லீவு, ஏப்ரல் லீவு, தீபாவளி லீவு. இந்த நாட்கள் நெருங்கும்போது நமது லயங்களில் பயணப் பேச்சு தொடங்கிவிடும். வேன் யாருடையது, தலைக்கு எவ்வளவு, சோறு யார் கட்டுவது என்று எல்லாம் பேசி முடித்தபின் கடைசியாக ஒரு பேச்சு வரும்: "அம்மா வீட்டைப் பார்த்துக்கட்டும். அவங்களுக்குத்தான் ஏலாதே."

அந்த அம்மாவுக்கு சீனி வருத்தம் இருக்கலாம், நெஞ்சு வருத்தம் இருக்கலாம், மஹரகமையில் கேன்சருக்கு மருந்து ஏற்றிக்கொண்டிருக்கலாம். முப்பது வருடம் கொழுந்து பறித்துப் பிள்ளைகளை ஆளாக்கிய மனுசிக்கு, வருத்தம் வந்தபிறகு கிடைப்பது கிளினிக் பயணம் மட்டுந்தான். இது ஒரு பக்கம்.

மறுபக்கமும் உண்டு. "சாமி பார்த்துக்கும்" என்று ஒரு யோசனையும் இல்லாமல் வேனில் ஏற்றிக்கொண்டு போகிறார்கள். மாத்திரைப் பை வீட்டிலேயே கிடக்கும். நடுராத்திரி மலையில் ஏறும்போது ஆள் வியர்த்துச் சாய்ந்தபிறகுதான் எல்லோருக்கும் வருத்தம் ஞாபகம் வரும்.

இரண்டுமே வேண்டாம். பெரிய வருத்தம் உள்ளவர்களில் அநேகம் பேர் சரியான ஏற்பாட்டோடு குடும்பத்தோடு பயணம் போகலாம், நடக்கலாம், குளிக்கலாம், சாமி கும்பிடலாம். எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப்போகிறோம்.

முதலில் கிளினிக், பிறகு வேன்

வேனுக்கு அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பு, குறைந்தது மூன்று நான்கு வாரம் இருக்கும்போதே கிளினிக்கில் கேட்டுவிட வேண்டும். "பயணம் போகலாமா டொக்டர்?" என்று மட்டும் கேட்டால் அவரும் சுருக்கமாக "கவனமாகப் போங்க" என்றுதான் சொல்லுவார். எங்கே, எத்தனை நாள், எவ்வளவு நடை, எவ்வளவு படி என்று விபரமாகச் சொல்லுங்கள். அதன்பிறகு இந்த ஐந்து கேள்விகளையும் கேளுங்கள்.

1. இந்த உடம்புக்கு எவ்வளவு நடை தாங்கும்? படி ஏறலாமா?
2. பயண நாளில் மாத்திரை, ஊசி நேரத்தை மாற்ற வேண்டுமா?
3. விரதம் இருக்கலாமா?
4. என்ன அறிகுறி வந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்?
5. கிளினிக் தேதிக்கு முன்னால் மருந்து முடிந்துபோகுமென்றால் கூடுதலாகத் தருவீர்களா?

பதிலை கிளினிக் கொப்பியிலேயே எழுதித் தரும்படி கேளுங்கள். டிக்கோயா, நுவரெலியா, லிந்துலை என்று எந்த ஆஸ்பத்திரி கிளினிக்காக இருந்தாலும் கேட்கத் தயங்க வேண்டாம். சிங்களத்தில் பேசச் சிரமமென்றால் படித்த பிள்ளை ஒன்றைக் கூட்டிப்போங்கள், அல்லது கேள்விகளை ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள்.

சில நேரம் "இப்போது வேண்டாம்" என்று டொக்டர் சொல்லுவார். அண்மையில் மாரடைப்பு வந்தவர், சத்திரசிகிச்சை செய்து காயம் ஆறாதவர், காய்ச்சல் உள்ளவர், காலில் ஆறாத புண் உள்ளவர், படுத்தால் மூச்சு வாங்குபவர் ஆகியோர் பயணத்தைத் தள்ளிப்போடுவதுதான் நல்லது. மலை எங்கேயும் போய்விடாது. அடுத்த பருவத்துக்குப் பார்க்கலாம்.

பாதமலை ஏறுவது

சிவனொளிபாதமலையின் உயரம் 2,243 மீட்டர், அதாவது 7,359 அடி. கொழும்பிலிருந்து வருபவர்களை விட நமக்கு ஒரு வசதி உண்டு. நாம் பிறந்து வளர்ந்ததே நாலாயிரம், ஐயாயிரம் அடி உயரத்தில். ஆகவே உயரத்துக் காற்று நமக்குப் புதிதில்லை. சிரமம் கொடுப்பவை வேறு மூன்று: படி, குளிர், தூக்கமின்மை. நல்லதண்ணியிலிருந்து உச்சிவரை ஏறக்குறைய 5,500 படிகள். செங்குத்தாகக் கணக்கிட்டால் ஏறக்குறைய 1,000 மீட்டர் ஏற வேண்டும். சூரிய உதயம் பார்ப்பதற்காக நடுராத்திரிக்குப் பிறகு ஏறத் தொடங்குவதுதான் வழக்கம். பகல் முழுக்க வேலை செய்து, வேனில் குலுங்கி, தூங்காமல், குளிரில் ஏறினால் நல்ல உடம்புக்கே தளர்ச்சி வரும்.

வருத்தம் உள்ளவரோடு ஏறுபவர்களுக்குச் சில யோசனைகள்:

* சூரிய உதயத்தைத் துரத்த வேண்டாம். சாயங்காலமே நல்லதண்ணிக்குப் போய் நன்றாகத் தூங்கி, விடிந்தபிறகு ஏறுங்கள். பௌர்ணமி, சனி, ஞாயிறு கூட்டத்தைத் தவிர்த்து வார நாளில் போனால் ஒருவருக்கும் நெருக்கடி இல்லை.

* பேசிக்கொண்டே ஏறுங்கள். மூச்சு வாங்காமல் ஒரு வசனம் முழுதாகப் பேச முடிந்தால் வேகம் சரி. இரண்டு சொல்லுக்கு ஒருதரம் மூச்சு இழுத்தால் வேகம் அதிகம். நின்று, மூச்சு ஆறியபிறகு ஏறுங்கள்.

* மெதுவாக நடப்பவர் முன்னால் போகட்டும், மற்றவர்கள் பின்னால் வரட்டும். இளசுகள் முன்னால் ஓடினால், பின்னால் வருபவர் வெட்கத்துக்காகத் தன் சக்திக்கு மேல் நடப்பார்.

* உச்சிக்குப் போனால்தான் பயணம் என்று நினைக்க வேண்டாம். மகர தோரணம், ஜப்பான் பிக்குமார் கட்டிய சமாதான தாதுகோபம், சீத கங்குல என்று வழியிலேயே இடங்கள் உண்டு. எதுவரை போவது, எங்கே திரும்புவது என்று அடிவாரத்திலேயே முடிவு செய்யுங்கள். கடைசிப் படிகள்தான் மிகவும் செங்குத்து. அங்கே போய் முடிவு செய்யலாம் என்றால் ஒருவருக்கும் திரும்ப மனசு வராது.

* சீத கங்குலவின் தண்ணீர் ஐஸ் மாதிரி. நெஞ்சு வருத்தம், பிரஷர் உள்ளவர்கள் வியர்த்த உடம்போடு அதில் தலை முழுகக் கூடாது. திடீர்க் குளிரில் இரத்தக் குழாய்கள் சுருங்கி இருதயத்துக்குப் பாரம் கூடும். கை, கால், முகம் கழுவினால் போதும்.

* இறங்கும்போது முழங்கால் வலிக்கும். கடையில் வாங்கிய வலி மாத்திரையைப் போட்டுக்கொள்ளாதீர்கள். சில வலி மாத்திரைகள் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் கெடுக்கும். எது போடலாம் என்று கிளினிக்கிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படிப்பாதைக்கு அம்புலன்ஸ் வராது. ஆள் விழுந்தால் தூக்கிக்கொண்டுதான் இறங்க வேண்டும். அதனால் முதலுதவி நிலையம் எங்கே இருக்கிறது என்று ஏறுமுன் விசாரியுங்கள். பருவகாலம் இல்லாத மாதங்களில் மழை, காற்று. விளக்கும் இல்லை, கடையும் இல்லை. அந்த நாளில் வருத்தக்காரரைக் கூட்டிக்கொண்டு ஏறவே வேண்டாம்.

கதிர்காமம் போவது

கதிர்காமத்தில் படி பெரிய பிரச்சினை இல்லை, வெயில்தான் பிரச்சினை. குளிரில் பழகிய உடம்பு அந்த வெயிலில் வெகு சீக்கிரம் தண்ணீர் வற்றிப்போகும். காலை பத்து மணிக்கு முன்பும் மாலை நான்கு மணிக்குப் பிறகும் நடையை வைத்துக்கொண்டு, மத்தியானம் மடத்திலோ நிழலிலோ படுத்து எழும்புங்கள். மாணிக்க கங்கையில் குளிக்கும்போது ஆழம் பார்த்து, ஓர் ஆள் பக்கத்தில் நின்று குளிக்க வையுங்கள். கதிரமலைக்கு ஏற முடியாதவர்களுக்கு ஜீப் உண்டு.

சீனி வருத்தம் உள்ளவர்கள் பாதத்தைக் கவனிக்க வேண்டும். நாட்பட்ட சீனி வருத்தத்தில் பாதம் மரத்துப்போகும். சூடு தெரியாது, முள் குத்தினாலும் தெரியாது. மத்தியான வெயிலில் கோயில் வாசல் மணலில் வெறுங்காலோடு நடந்தால் தோல் வெந்துபோன விசயமே இரவில்தான் தெரியவரும். வாசல்வரை செருப்போடு போங்கள், உள்ளே காலையிலோ மாலையிலோ போங்கள். இரவு படுக்குமுன் இரண்டு உள்ளங்காலையும் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். கண் பார்வை குறைந்தவருக்குப் பிள்ளைகள் பார்த்துச் சொல்லலாம்.

தீ மிதிப்பது, அலகு குத்துவது, பட்டினி விரதம் போன்ற நேர்த்திக்கடன்களை சீனி வருத்தக்காரர் தாமே செய்வது ஆபத்து. "நேர்ந்துகொண்டேனே, சாமி குத்தம் வந்திடுமே" என்று பயப்படுகிறவர்கள் அநேகம். அந்த நேர்த்தியைப் பிள்ளையோ தம்பியோ செய்யலாமா, வேறு விதமாகத் தீர்க்கலாமா என்று கோயில் ஐயரிடம் கேளுங்கள். அவர் வழி சொல்லுவார்.

ஒவ்வொரு வருத்தத்துக்கும் உரிய கவனம்

சீனி வருத்தம்: வழக்கத்தை விட அதிகமாக நடந்தால் இரத்தத்தில் சீனி குறையும். இன்சுலின் ஊசி போடுபவர்களுக்கும், சீனியைக் குறைக்கும் சில மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் இது திடீரென நடக்கும். வியர்வை, நடுக்கம், பசி, தலைச்சுற்று, பேச்சுத் தடுமாற்றம், காரணமில்லாத கோபம் ஆகியவை அறிகுறிகள். உடனே உட்கார வைத்து மூன்று நான்கு தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடத்தில் சரியாகவில்லை என்றால் இன்னொரு முறை கொடுங்கள். தெளிந்தபின் ரொட்டியோ சோறோ சாப்பிட வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, புரைக்கேறிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து உதவிக்கு ஆள் கூப்பிடுங்கள். "சீனிக்காரருக்குச் சீனி கொடுக்கலாமா?" என்று அந்த நேரத்தில் யோசித்துக்கொண்டு நிற்காதீர்கள்.

இன்சுலினை வெயில் படும் இடத்திலோ, வேனின் முன்கண்ணாடிக்குப் பக்கத்திலோ வைக்கக் கூடாது. ஐஸில் நேராகவும் புதைக்கக் கூடாது, உறைந்துபோன இன்சுலின் வேலை செய்யாது. ஈரத்துணி சுற்றிய சின்ன மண்பானையோ, வாய் அகன்ற பிளாஸ்க்கோ போதும்.

இன்னொன்று. பயணத்தில் ஆம்பிளைகள் ஒரு போத்தலைத் திறப்பது வழக்கமாகிவிட்டது. வெறும் வயிற்றில் சாராயம் குடித்தால் சீனி அடிமட்டத்துக்கு இறங்கும். பக்கத்தில் இருப்பவர்கள் வெறி என்று நினைத்து விட்டுவிடுவார்கள். இதனால் உயிரே போகலாம்.

நெஞ்சு வருத்தம், பிரஷர்: வழியில் கழிவறை இல்லை என்பதற்காக, சிறுநீர் போகும் மாத்திரையை அன்றைக்கு நிறுத்திவிடும் வழக்கம் நம் பெண்களிடம் அதிகம். நிறுத்தினால் காலில் வீக்கமும் மூச்சுமுட்டலும் வரும். நேரத்தை மாற்றலாமா என்று டொக்டரிடம் கேளுங்கள், தாமாக நிறுத்த வேண்டாம். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை தந்திருந்தால் அது அவருடைய சட்டைப் பையிலோ மடியிலோ இருக்க வேண்டும், வேனில் இருக்கும் பெட்டியில் அல்ல. நெஞ்சு வலித்தால் உடனே உட்கார்ந்து மாத்திரையை வைக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் வலி போகாவிட்டால் அம்புலன்சுக்குச் சொல்லுங்கள்.

சிறுநீரக வருத்தம்: இரத்தம் சுத்திகரிக்கும் நாளை எந்தப் பயணத்துக்காகவும் தவறவிடக் கூடாது. இரண்டு முறைக்கு நடுவில் உள்ள நாளில் காலையில் போய் மாலையில் திரும்பும் பயணமே நல்லது. பாதையோரம் தெம்பிலி இளநீர் குலைகுலையாகத் தொங்கும். மற்றவர்களுக்கு அது நல்லது. சிறுநீரகம் பழுதானவருக்கு இளநீரிலும் வாழைப்பழத்திலும் உள்ள பொட்டாசியம் உடம்பில் தேங்கி இருதயத்தையே நிறுத்தக்கூடும். பாசத்தில் வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள்.

கேன்சர்: மருந்து ஏற்றி ஏறக்குறைய ஒரு வாரத்திலிருந்து இரண்டு வாரம் வரை நோயை எதிர்க்கும் சக்தி மிகவும் குறைந்திருக்கும். அந்த நாளில் திருவிழாக் கூட்டத்துக்குப் போகக் கூடாது. அடுத்த மருந்துக்கு முந்திய சில நாட்களில்தான் அநேகமானோருக்கு உடம்பு தெம்பாக இருக்கும். பயணத்தை அந்த நாட்களுக்கு வைக்கலாமா என்று மஹரகமையிலோ கண்டியிலோ பார்க்கும் டொக்டரிடம் கேளுங்கள். கொதித்தாறிய தண்ணீர், சுடச்சுடச் சமைத்த சாப்பாடு மட்டும் கொடுங்கள். காய்ச்சல் 100.4 பாகைக்கு மேல் போனால் மாத்திரை போட்டுப் பார்க்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

இழுப்பு: உறிஞ்சும் மருந்து கையிலேயே இருக்கட்டும். கற்பூரப் புகை, சாம்பிராணி, அதிகாலைக் குளிர்காற்று மூன்றும் இழுப்பைக் கிளப்பும். மூக்கையும் வாயையும் சால்வையால் மூடி நடக்கட்டும்.

பையில் என்னென்ன இருக்க வேண்டும்?

* பயண நாட்களுக்கு மேலும் இரண்டு நாளுக்குப் போதுமான மருந்து. அதை இரண்டு பைகளில் பிரித்து வையுங்கள், ஒன்று தொலைந்தாலும் மற்றது இருக்கும்.
* கிளினிக் கொப்பி. அடையாள அட்டை.
* பெயர், வருத்தம், மருந்தின் பெயர், வீட்டாரின் தொலைபேசி இலக்கம் எழுதிய துண்டு. இது வருத்தக்காரரின் சட்டைப் பையில் இருக்க வேண்டும்.
* சீனி ஒரு பொட்டலம், பிஸ்கட், தண்ணீர்ப் போத்தல்.
* கம்பளித் தொப்பி, மேசு, மாற்று உடுப்பு, பழகிய சப்பாத்து. புதுச் சப்பாத்து பயணத்துக்கு வேண்டாம், காலைக் கடிக்கும்.

வேனில் வருத்தக்காரருக்கு முன் ஆசனம் கொடுங்கள். கினிகத்தேனை, இறம்பொடை வளைவுகளில் வாந்தி வந்தால் போட்ட மாத்திரையும் வெளியே போய்விடும். அதனால் வயிறு முட்டச் சாப்பிடாமல் சிறிது சிறிதாகச் சாப்பிடட்டும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருதரம் நிறுத்தி, இறங்கிக் கொஞ்சம் நடக்கட்டும். நெடுநேரம் காலைத் தொங்கப் போட்டிருந்தால் இரத்தம் கட்டும்.

பக்கத்திலேயே இருக்கிற இடங்கள்

தூரப் பயணத்துக்கு உடம்போ பணமோ இடம் கொடுக்காவிட்டால் வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றில்லை. ஹட்டன் – நுவரெலியா வீதியில் சென் கிளேயர், டெவன் நீர்வீழ்ச்சிகளைப் பார்க்க வெளிநாட்டார் ஆயிரக்கணக்கான மைல் தாண்டி வருகிறார்கள். திம்புள்ளையில் இருக்கும் நாமோ பஸ்ஸில் தூங்கிக்கொண்டே அவற்றைத் தாண்டிப் போகிறோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை சோற்றுப் பொட்டலத்தோடு அங்கே போய் உட்கார்ந்தால் பேரப்பிள்ளைகளுக்கும் தாத்தாவுக்கும் அதுவே பயணம்.

நுவரெலியாவில் கிரகரி வாவியைச் சுற்றி ஏற்றமில்லாத நடைபாதை உண்டு. வெலிமடை வீதியில் சீதாஎலிய அம்மன் கோயிலும் அதைத் தாண்டி ஹக்கலை பூங்காவும். 1861ல் சிங்கோனா மரம் வளர்க்கத் தொடங்கிய தோட்டந்தான் இன்றைய ஹக்கலை. மலேரியாவுக்கான கொய்னா மருந்து அந்த மரத்துப் பட்டையிலிருந்துதான் கிடைத்தது. கண்டிப் பக்கம் பேராதனைப் பூங்கா பெரும்பாலும் சமதரை, நிழலும் இருக்கை வாங்குகளும் தாராளம். முழங்கால் ஏலாதவர்களுக்கு ஏற்ற இடம்.

2025 நவம்பரில் வந்த டித்வா சூறாவளியில் மலைநாட்டு வீதிகளும் ரயில் பாதையும் பலத்த சேதமடைந்தன. ஆகவே எந்தப் பாதையில் போவதாக இருந்தாலும் முதல்நாளே விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். வருத்தக்காரரோடு பாதியில் மாட்டிக்கொள்ளக் கூடாது.

பயணத்துக்காக வட்டிக் கடன் எடுக்காதீர்கள். கடன்காரர் வாசலில் வந்து நிற்கும்போது முதலில் குறைவது வருத்தக்காரரின் சாப்பாடும் கிளினிக் பஸ் காசுந்தான்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

வருத்தக்காரரை முட்டை மாதிரிப் பொத்திப் பொத்தி வைத்தாலும் அவருக்கு மனம் நோகும். "நீங்க நடக்காதீங்க, நீங்க தூக்காதீங்க" என்று நாள் முழுக்கச் சொன்னால் அவர் பயணம் வந்ததே வீண். ஏதாவது ஒரு பொறுப்பைக் கொடுங்கள். பூஜைத் தட்டு வாங்குவது, பிள்ளைகளை எண்ணிக் கணக்குப் பார்ப்பது, எங்கே நிறுத்தித் தேத்தண்ணி குடிப்பது என்று சொல்வது, இதெல்லாம் அவர் செய்யட்டும்.

வருத்தக்காரருக்கும் ஒரு வார்த்தை. "எல்லாரும் சந்தோசமா இருக்காங்க, நம்மால கெடக்கூடாது" என்று வலியை மறைக்காதீர்கள். முதல் வலியிலேயே சொன்னால் பத்து நிமிடம் நின்று போகலாம். மறைத்தால் மொத்தப் பயணமும் ஆஸ்பத்திரி வாசலில் முடியும்.

நம் பிள்ளைகளுக்குக் கிரிக்கெட் பைத்தியம் உண்டுதானே. பாகிஸ்தான் வீரர் வசீம் அக்ரமுக்கு 1997ல் சீனி வருத்தம் என்று தெரியவந்தது. இன்சுலின் போட்டுக்கொண்டே 1999 உலகக் கிண்ண இறுதிப் போட்டிவரை அணியைக் கொண்டுபோனார். 2003ல் ஒருநாள் போட்டிகளில் 500 விக்கெட் எடுத்த முதல் ஆளானார். இந்திய வீரர் யுவராஜ் சிங் 2012 தொடக்கத்தில் கேன்சருக்கு மருந்து ஏற்றினார். அதே வருடம் செப்டெம்பரில் நம் நாட்டில் நடந்த இருபதுக்கு இருபது உலகக் கிண்ணத்தில் கொழும்பு மைதானத்தில் விளையாடினார். இருவருமே மருந்தை விட்டுவிட்டு விளையாடியவர்கள் அல்ல, மருந்தோடும் டொக்டர் சொல்லோடும் விளையாடியவர்கள். அதைத்தான் நாம் பார்த்துப் பழக வேண்டும்.

அவசரம் வந்தால்

1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். சுவசெரிய அம்புலன்ஸ் சேவை 2016ல் மேல், தென் மாகாணங்களில் ஆரம்பித்து, இப்போது ஒன்பது மாகாணங்களிலும் ஓடுகிறது. காசு இல்லை. எந்த ஊர், எந்தச் சந்தி, பக்கத்தில் என்ன கடை அல்லது கோயில் என்று தெளிவாகச் சொல்லுங்கள். என்ன வருத்தம், என்ன மருந்து என்ற துண்டை வருபவர்களிடம் காட்டுங்கள்.

இந்தப் பருவத்தில் பயணம் வைத்திருக்கும் குடும்பங்கள், கிளினிக்கில் கேட்க வேண்டிய கேள்விகளையும் சட்டைப் பையில் வைக்கும் துண்டையும் எழுத உதவி வேண்டுமென்றால் தோட்ட வைத்திய உதவியாளரிடமோ நலன்புரி அதிகாரியிடமோ வாருங்கள், எழுதித் தருகிறோம். இம்முறை வேனில் ஆள் எண்ணும்போது வீட்டில் உள்ள வருத்தக்காரரையும் சேர்த்து எண்ணுங்கள். நல்லபடியாகப் போய் நல்லபடியாகத் திரும்பி வாருங்கள்.